முப்பத்தெட்டுக் கிணறுகளும் எதிர்க்கரையும்

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் இருக்கும் கடலோர ஊர் எங்களுடையது. மேற்கே கடைமடை வயல், கிழக்கே மீனவர் குடியிருப்பு, இடையில் சவுக்குத் தோப்பும் சில இறால் பண்ணைகளும். இங்கே ஒரு சின்ன நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். 2019-லிருந்து சனிக்கிழமை பிற்பகல்களில் பதினைந்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டி, உலகப் பிரச்சினைகளைப் பற்றிய இளைஞர் தலைமைப் பயிற்சி ஒன்றை நடத்திவருகிறேன். இதே போல் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் பாடத்திட்டம் கேட்கிறார்கள். தனியாகப் பாடத்திட்டம் என்று ஒன்றும் கிடையாது. நடந்ததைச் சொன்னால் அவரவர் ஊருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு நான் செய்தது தவறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. விழுந்த தென்னைகளை இன்னும் முழுசாக அப்புறப்படுத்தாத ஊரில் காலநிலை மாற்றத்தைப் பேச வேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. அதற்கு நான் பிடித்த வழிதான் தப்பு. பெரிய ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளை ஒவ்வொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேச வைத்து 'மாதிரி ஐநா சபை' நடத்துவதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தேன். ஒரு பையனுக்குப் பிரேசில், ஒரு பெண்ணுக்கு ஜெர்மனி என்று தெர்மோகோலில் கொடிகள் செய்து வைத்தோம். டவுன் பள்ளியிலிருந்து வந்த, ஆங்கிலம் சரளமாகப் பேசும் நான்கு பேர் மைக்கை விடவே இல்லை. பனிக்கரடி வந்தது, அமேசான் காடு வந்தது, 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி வெப்ப வரம்பு வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டுமாக வாசலில் நின்றார்கள். சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் தாமதமானது. அவ்வளவு நேரமும் அவர்கள் நின்றார்கள். அவர்களை அங்கே நிறுத்தியது நான்.

மறுநாள் காலையில் அந்த ஆறு பேரில் ஒருத்தி நூலக வாசல் குழாயில் குடத்தோடு நின்றாள். "நேத்து பேசினாங்கல்ல அக்கா, கடல் மட்டம் உயரும்னு. எங்க வீட்டுக் கிணத்துல அது போன வருசமே வந்துருச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கஜாவில் கடல் நீர் உள்ளே ஏறியதிலிருந்து அவர்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. அந்த மண்டபத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றி நேரடியாகத் தெரிந்த ஆள் அவள்தான். அவள் கையில் நான் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்திருந்தேன்.

பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து, ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃபுக்காக ஒரு கட்டுரை எழுதினார். கீழே உள்ள மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்காகப் பிள்ளைகளை ஆட்டுவிப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குப் பேச வைப்பது ஆகியவைதான் அந்த மூன்றும். என் முதல் நிகழ்ச்சி இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் நின்றது. நிகழ்ச்சி நடத்துகிற எவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த ஏணியில் தங்கள் இடம் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அதற்கப்புறம் பேச்சுப்போட்டி, கொடி, மண்டபம் எல்லாவற்றையும் விட்டோம். அந்தப் பெண் சொன்னதையே கேள்வியாக எடுத்துக்கொண்டோம். ஊரில் எந்தக் கிணறு எவ்வளவு உப்பாக இருக்கிறது? விடை எனக்குத் தெரியாது. ஊராட்சி அலுவலகத்திலும் தெரியவில்லை. நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்: பெரியவர்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்தால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த விடையைத் திருப்பிச் சொல்வார்கள். யாருக்கும் விடை தெரியாத கேள்வி என்றால் அவர்கள் நிற்கும் விதமே மாறிவிடுகிறது.

பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. 2020 ஜனவரியில் நான்கு தெருக்களில் முப்பத்தெட்டுக் கிணறுகளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, ஏழிலிருந்து ஒன்பதுக்குள் அளப்பது என்று முடிவானது.

முதல் மாதமே சண்டை வந்தது. ஒரே கிணற்றுக்கு ஒரு குழு 1180 என்றது, இன்னொரு குழு 1640 என்றது. யார் பொய் சொல்கிறார்கள் என்று பேச்சு முற்றியது. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன் இரண்டு பாட்டில்களையும் மோந்து பார்த்தான். ஒன்றில் முந்தைய கிணற்றுத் தண்ணீரே அடியில் கொஞ்சம் கிடந்திருக்கிறது. அளக்கப்போகும் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தடவை அலசிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்ற விதியை அன்றைக்கு அவர்களே எழுதினார்கள். மீட்டரைச் சரிபார்க்கும் திரவத்தை வாங்கிவைத்து, மாதம் ஒரு தடவை அதில் முக்கிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. இதையெல்லாம் முதல் நாளே அச்சடித்துக் கொடுத்திருக்க எனக்கு முடியும். கொடுக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. தாங்களே போட்ட விதி என்பதால், மூன்று முறை அலசாதவனை இன்னொருவன் விடமாட்டான்.

மார்ச்சில் கொரோனா வந்து கூட்டங்கள் நின்றன. கிணற்றை அளப்பது மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் கிணறு அவரவர் தெருவிலேயே இருந்தது. மீட்டரைச் சோப்புப் போட்டுக் கழுவி வீட்டுக்கு வீடு கைமாற்றினார்கள்.

உலகம் எங்கே வந்தது என்று கேட்கலாம். ஓராண்டு எண்கள் சேர்ந்ததும் தானாகவே வந்தது. வரைபடத்தில் 2000-ஐத் தாண்டிய கிணறுகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தார்கள். இறால் பண்ணைகளை ஒட்டிய தெருவில் சிவப்பு அதிகம். இந்தப் பண்ணைகளின் கதையைத் தோண்டினார்கள். 1990களில் பண்ணைகள் இந்தக் கரையில் பெருகியதும், காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவற்றை எதிர்த்துப் போராடியதும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதும் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயங்கள். பிள்ளைகளுக்குப் புதுசு. "இந்த இறாலை யாரு அக்கா திங்கிறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இந்திய இறாலை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. எங்கோ ஒரு கடையில் உறைந்த பாக்கெட்டாக விற்கும் இறாலுக்கும் தன் தெருக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பதை அவள் தானாகவே இழுத்துப் பார்த்தாள். ஐநாவின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை அதற்கப்புறம்தான் சுவரில் ஒட்டினோம். ஆறாவது தண்ணீர், பதினான்காவது கடல் வாழ்வு, பன்னிரண்டாவது பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும். மூன்றும் ஒரே கிணற்றில் இருப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். கூட்டத்தில் மூன்று பேரின் அப்பாக்கள் அந்தப் பண்ணைகளில் வேலை பார்ப்பவர்கள். "பண்ணையை மூடு" என்று தட்டி எழுதலாம் என்று சிலர் துள்ளினார்கள். அந்த மூவரில் ஒரு பையன் எதுவும் பேசாமல் வரைபடத்துக்குக் கிட்டே போய் இருபத்தேழாம் எண் கிணற்றைக் காட்டினான். எல்லாவற்றிலும் மோசமான அளவு அதில்தான், ஆனால் பக்கத்தில் பண்ணை எதுவும் கிடையாது. அலை ஏற்றத்தில் கடல் நீர் புகும் ஓடைக்கு அருகில் இருக்கும் கிணறு அது. பண்ணை ஒரு காரணம், கஜா ஒரு காரணம், ஆழ்குழாய்கள் போட்டு நல்ல தண்ணீரை இழுத்துக்கொண்டே இருப்பது ஒரு காரணம், ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்குச் சரியாக வராதது ஒரு காரணம். இரண்டு சனிக்கிழமை வாதாடி, "காரணம் ஒன்றல்ல, எங்கள் அளவுகளால் எந்தக் காரணம் எவ்வளவு என்று சொல்ல முடியாது" என்று அறிக்கையில் எழுதினார்கள். பதினாறு வயதில் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது மேடைப்பேச்சில் பழகியவர்களுக்குத் தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவிக்கு வந்த ஓர் அமைப்பு கொடுத்த தொகையில் காலாண்டுக்கு ஐயாயிரம் ரூபாயைப் பிள்ளைகள் கையில் விட்டேன். பெட்டிச் சாவி ஒருவரிடம், கணக்கு நோட்டு இன்னொருவரிடம், கையெழுத்துப் போடுவது மூன்றாமவர். ஒரு காலாண்டில் பாதித் தொகையை டீ-ஷர்ட்டில் போட்டுவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. அடுத்த மாதம் மீட்டர் கெட்டுப்போய், வாங்கக் காசில்லாமல் வீடு வீடாகப் போய் நாணயம் சேர்த்தார்கள். டீ-ஷர்ட்டைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

நேரம் குறிப்பதில் கவனம் வேண்டும். பிப்ரவரியிலிருந்து பொதுத்தேர்வு எழுதுகிறவர்களை எதிர்பார்க்கவே கூடாது. பெண் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு என்றால் கூட்டம் ஐந்துக்கு முடிய வேண்டும். இந்த ஒன்றை மாற்றிய பிறகுதான் எங்களுக்குப் பெண்களின் எண்ணிக்கை குறையாமல் நின்றது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது, அம்மாக்களை இரண்டு முறையாவது வந்து உட்காரச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு முப்பத்திரண்டு பேர் சேர்ந்து பதினான்கு பேர் மிஞ்சினார்கள். எனக்கு அப்போது வருத்தம். இப்போது இருபதுக்கு மேல் சேர்ப்பதே இல்லை.

2022 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வரைபடத்தை எடுத்துப்போனோம். கிராம சபையில் உறுப்பினர் என்றால் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் பதினெட்டைத் தாண்டியவர்கள் இரண்டே பேர், அவர்கள் பேசுவதாக ஏற்பாடு. முதலாமவன் நடுங்கிப்போய் வணக்கத்தோடு உட்கார்ந்துவிட்டான். சந்தனக் கிண்ணம் பிடித்து நின்ற பெண்ணுக்கு அப்போது பதினேழு முடிந்து பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் எழுந்தாள். வயசு வரலையே என்று யாரோ சொன்னார்கள். அவள் அம்மா முன்னால் வந்து மைக்கை வாங்கி, "எனக்கு ஓட்டு இருக்கு. நான் நிக்கிறேன், எம் பொண்ணு படிக்கட்டும்" என்றார். அவர் மைக்கைப் பிடித்துக்கொள்ள, மகள் முப்பத்தெட்டுக் கிணறுகளையும் எண் வாரியாகப் படித்தாள். அவரவர் வீட்டுக் கிணறு வரும்போது ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினொன்றாம் எண்ணுக்கு ஒரு பாட்டி, "அதான் பருப்பு வேகலையா" என்று சத்தமாகவே கேட்டார்.

அவர்கள் கேட்டது இரண்டே விஷயம். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்க் குழாயில் சிவப்புப் பொட்டுத் தெருக்களுக்கு முதலில் தண்ணீர் திறக்க வேண்டும், ஊர்க் குளத்தை மழைக்கு முன்னால் தூர்வார வேண்டும். இரண்டும் தீர்மான நோட்டில் ஏறின. குழாய் முறை ஒரே மாதத்தில் மாறியது. குளத்துக்கு அடுத்த கோடை வரை நடந்தார்கள். எவ்வளவு சின்னக் கோரிக்கையோ அவ்வளவு தூரம் அதைத் துரத்த முடியும் என்பதை நான் அவர்களிடமிருந்துதான் கற்றேன். "புவி வெப்பமயமாதலைத் தடுக்க வேண்டும்" என்று தீர்மானம் போட்டிருந்தால் அது நோட்டிலேயே தூங்கியிருக்கும். இப்போது உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ம் கிராம சபை நாட்களில் ஒன்று. இளைஞர்களோடு வேலை செய்கிறவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

எனக்கு இன்னும் மனசில் உறுத்துவது அடுத்து நடந்ததுதான்.

எங்களுக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடக்கும் பாக் நீரிணையைத் தொடாமல் இந்தக் கரையில் உலகப் பிரச்சினை பேச முடியாது. நார்வே நாட்டு உதவியோடு 1950களில் கேரளத்தில் தொடங்கிய மீன்பிடித் திட்டம், விசைப்படகுகளின் பெருக்கம், வெளிநாட்டு இறால் சந்தை, 1974, 1976 எல்லை ஒப்பந்தங்கள், அந்தப் பக்கம் போரால் கடலுக்கே போக முடியாமல் கிடந்த வடபகுதி மீனவர்கள், போர் முடிந்த 2009-க்குப் பின் அவர்கள் கடலுக்குத் திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்து விசைப்படகுகளில் சிக்கி அறுந்துபோன அவர்கள் வலைகள். விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடை செய்தது. இத்தனையும் எங்கள் பிள்ளைகளின் வீட்டுக்குள் இருக்கும் கதை. 2023-இல் இதை ஒரு நடிப்புப் பயிற்சியாக வைத்தேன். விசைப்படகு உரிமையாளர், அதில் கூலிக்குப் போகிறவர், எதிர்க்கரைச் சிறு மீனவர், ஏற்றுமதி வியாபாரி, இரண்டு அரசு அதிகாரிகள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சீட்டுக் குலுக்கினேன்.

எதிர்க்கரை மீனவர் என்ற சீட்டு ஒரு பையனிடம் போனது. அவன் சித்தப்பா எல்லை தாண்டியதற்காக அங்கே மாதக்கணக்கில் சிறையில் இருந்தவர். படகும் திரும்பி வரவில்லை. அது எனக்கு முன்னமே தெரியும், குலுக்கும்போது நினைவுக்கு வரவில்லை. அவன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "அவங்களுக்காக நான் பேசணுமா அக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனான். மூன்று வாரம் வரவில்லை.

நான் அவன் வீட்டுக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். ஆண்கள் எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள். சித்தப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஊசியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "அவங்க வலை அறுந்தது நெசந்தாங்க. ராத்திரில எங்க மடியில சிக்கி வர்றத நானே பாத்திருக்கேன். எனக்கு வேற தொழில் தெரியாதுங்கறதும் நெசந்தான். ரெண்டையும் சொல்லச் சொல்லுங்க" என்றார். அடுத்த சனிக்கிழமை அவரே நூலகத்துக்கு வந்து இதையே பிள்ளைகள் முன்னால் சொன்னார். பையன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டான்.

வீட்டுக் காயத்தைத் தொடும் விஷயம் என்றால், அந்த வீட்டுப் பெரியவரிடம் முதலில் போக வேண்டும். பாத்திரத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை முதல் நிமிடத்திலிருந்தே பிள்ளைக்கு இருக்க வேண்டும். நான் இதைக் கற்றதற்கு அந்தப் பையன் விலை கொடுத்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் பாடசாலை ஆசிரியை ஒருவர் எனக்குப் பழக்கம். இரண்டு பக்கப் பிள்ளைகளும் திரையில் பேசட்டும் என்று ஏற்பாடு செய்தோம். இரு பக்கமும் இரண்டிரண்டு பெரியவர்கள் கூட இருப்பது, தனி எண்களைக் கொடுத்துக்கொள்ளக் கூடாது, கடிதம் எல்லாம் ஒரே பொது மின்னஞ்சலில் என்பவை விதிகள். முதல் உரையாடல் பதினைந்து நிமிடத்தில் முறிந்தது. "உங்கட படகுகள் வந்துபோனா எங்கட வலை மிஞ்சாது" என்று அந்தப் பக்கத்துப் பிள்ளை சொல்ல, எங்கள் பக்கம் ஒருவன் "எங்காளுங்கள சுடுறாங்களே" என்று கத்த, இணைப்பைத் துண்டித்தோம்.

சரி, மீனை விட்டுத் தண்ணீரைப் பேசலாமே என்றது கிணறு அளக்கும் குழுதான். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரும் கிணறும்தான் கதி. அங்கேயும் கரையோரக் கிணறு உவர்க்கிறது, உரத்திலிருந்து வரும் நைட்ரேட் கிணற்றில் இறங்குகிறது, சுன்னாகம் பக்கம் கிணற்றில் எண்ணெய் கலந்து பெரிய போராட்டமே நடந்தது. எங்கள் விதித்தாளை அனுப்பினோம். மூன்று தடவை அலசுவது உட்பட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பத்துக் கிணறு அங்கே, முப்பத்தெட்டு இங்கே, இரண்டும் மாத முதல் சனிக்கிழமை. அந்த அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டபோது, கப்பலில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் கொடுத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள்.

எட்டு மாதம் அளவுகள் மட்டுமே போய் வந்தன. 2024 மே மாத அளவோடு அங்கிருந்து ஒரு வரி கூடுதலாக வந்தது. "உங்கட தடைக்காலம் முடிஞ்சதும் படகுகள் எந்தப் பக்கம் வரும்?"

பதில் எழுதும் பொறுப்பைச் சீட்டைக் கிழித்த பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்று வாரம் எடுத்தான். சித்தப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் காட்டவில்லை. பொது மின்னஞ்சலில் போன பிறகுதான் நானும் படித்தேன். முதல் வரியில் ஜூன் மாத உப்பு அளவுகள் இருந்தன. அடுத்தது: "எங்கள் வீட்டு ஆட்கள் உங்கள் பக்கம் வருகிறார்கள் என்பதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. எந்த ராத்திரி உங்கள் வலை கடலில் கிடக்கும் என்று எழுதுங்கள். வீட்டில் கேட்டுப் பார்க்கிறோம்."